பச்சடிக்கு யார் பொறுப்பு?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வரும் பெற்றோரின் பேச்சில் ஒரு குறை தவறாமல் இடம்பெறும். இரத்தச் சர்க்கரைக் குறிப்பேட்டைக் காட்டி, ஐயங்களைக் கேட்டு முடித்து, எழுந்து போகும் தறுவாயில் சொல்வார்கள்: "சின்ன வயசுல வருஷப் பிறப்புன்னா விடியறதுக்கு முன்னாடியே எழுந்துக்குவான் டாக்டர். இப்போ எழுப்புனா எரிஞ்சு விழுறான்." காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருவிலிருந்து வரும் தாய் இதையே ஈஸ்டர் இரவுத் திருவிழிப்பைப் பற்றிச் சொல்வார். எண்ணூர்ப் பக்கம் வாழும் தெலுங்குக் குடும்பம் உகாதியைப் பற்றிச் சொல்லும். பண்டிகை வேறு, மனக்குறை ஒன்றே. எங்கள் வீடுகளிலும் பதின்வயதுப் பிள்ளைகள் இருப்பதால், இதை மருத்துவர்களாக மட்டும் நாங்கள் எழுதவில்லை.

முதலில் அந்த எரிச்சலுக்கு உடலில் உள்ள காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். உறக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்னும் சுரப்பு, பூப்புப் பருவத்தில் இரவில் முன்பைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே பத்து வயதில் ஒன்பது மணிக்கு உறங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் பதினொன்றுக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. காலையில் எழ மறுக்கிறது. கைப்பேசி இதனை மோசமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஐந்து மணி எண்ணெய்க் குளியலை எட்டு மணிக்குத் தள்ளி வைப்பதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்பது எங்கள் எண்ணம். பாட்டிமார் மாறுபடலாம்.

உறக்கம் போதிய அளவு கிடைத்த பிறகும் பிள்ளை ஒட்டாமல் நிற்கிறதென்றால், அதற்குப் பண்டிகையில் நாம் கொடுத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆறு வயதில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கொடுத்ததைத் தின்று, காலில் விழுந்து காசு வாங்குவது போதுமானதாக இருந்தது. பதினாறு வயதிலும் அதே இடத்தில் உட்காரச் சொல்கிறோம். தோளுக்கு மேல் வளர்ந்தவனை நடைவண்டி தள்ளச் சொன்னால் அவன் வேறென்ன செய்வான்?

நம் ஊர்த் திருவிழாவிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராசர் கோயில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுவதை இப்பகுதியினர் அறிவர். சிறு பிள்ளைக்கு அதைச் சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் கல்யாணம் என்று சொல்லி, தோளில் தூக்கிக் காட்டினால் போதும். ஆனால் பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை அவ்வளவு எளியதன்று. உன்னைப் பிரியேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அவ்வேளையில் கருவறையை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனும் ஒப்புக்கொண்டு, பின்பு சங்கிலியாரிடம், மகிழின் கீழே சத்தியம் கேள் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியிலேயே சத்தியம் செய்கிறார். பிறகு தென்றல் வீசுகிறது. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வருகிறது. வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தவருக்கு இரு கண்களும் ஒளியிழக்கின்றன.

கொடுத்த வாக்கு, அதில் ஓட்டை தேடிய கெட்டிக்காரத்தனம், அதற்குக் கொடுத்த விலை. ஏழு வயதுக்கு இது வேண்டாம். பதினாறு வயதுக்கு இதைவிடச் சுவையான விவாதம் கிடைக்காது. இறைவன் செய்தது நியாயமா என்று பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். எங்களுள் ஒருவர் வீட்டில் இந்தக் கேள்வி தேரடியில் தொடங்கி, வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்த பின்னும் ஓயவில்லை.

யூதர்களின் பாஸ்கா விருந்தில் கேள்வி கேட்பதே சடங்கின் பகுதி. அந்த இரவு ஏன் மற்ற இரவுகளிலிருந்து வேறுபட்டது என்று வினவும் பொறுப்பு வழக்கமாக வீட்டின் இளைய பிள்ளைக்கு உரியது. அடுத்த பிள்ளை பேசக் கற்றதும் அப்பொறுப்பு கைமாறும். இராயபுரத்து இசுலாமிய வீடுகளிலும் முதல் ரமலான் நோன்பு பிள்ளை வளர்ந்துவிட்டதன் அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. (இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை நோன்பு நோற்க விரும்பினால், சில வாரங்களுக்கு முன்பே எங்களிடம் வாருங்கள். ஊசி மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)

தேர்வு இன்னொரு தடை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 'பரீட்சை முடியட்டும்' என்று மாசித் தேரையும் பங்குனி உத்திரத்தையும் தள்ளி வைக்கிறோம். அதன் பிறகு பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போய்விடுகிறது. அரை நாள் திருவிழாவால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை.

எங்களால் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதல் வகை நீரிழிவுடன் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி எங்களிடம் சேர்க்கப்பட்டாள். (அவள் ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதவாறு எழுதுகிறோம்.) கூட்டம் மிகுந்த ஒரு நாளில் அவள் தாயிடம், "இனிப்பு வேண்டாம்" என்று இரண்டு சொற்களில் முடித்து அனுப்பினோம். அந்த அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார். சித்திரை முதல் நாள் அந்த வீட்டில் மாங்காய்ப் பச்சடி இல்லை, பாயசம் இல்லை, தம்பிக்கும் இல்லை. அடுத்த மாதம் வந்தபோது அவளுடைய சர்க்கரை அளவுகள் ஒழுங்காகத்தான் இருந்தன. பேச்சுத்தான் இல்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "என்னால வீட்டுல யாருக்கும் பண்டிகை இல்ல."

முதல் வகை நீரிழிவில் உடல் தானாக இன்சுலினைச் சுரப்பதில்லை. ஆகவே உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஊசி மருந்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். கணக்குத் தெரிந்தால் ஓரிரு கரண்டிப் பச்சடிக்கு இடமுண்டு. இதை நாங்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பிந்தியாவது உணவியல் வல்லுநரோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம். வெல்லம் சர்க்கரையைவிடத் தீங்கற்றது என்ற நம்பிக்கையையும் அன்றே களைந்தோம்: வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரைச் சத்தே. அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ பச்சடியை நானே செய்யலாமா?"

மறு ஆண்டு முதல் அந்த வீட்டுப் பச்சடி அவள் பொறுப்பு. முதல் நாள் மாலையே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைக்கிறாள். உதிர்ந்த பூவைப் பொறுக்கி, நெய்யில் வறுக்கிறாள். மாங்காயையும் வெல்லத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் என்று சுவர் நாட்காட்டியில் எழுதி வைக்கிறாள். முதல் முறை கசப்பு தூக்கலாகிவிட்டதாம். அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களுக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டியிருந்தது.

வேப்பம்பூவும் மாங்காயும் இக்காலத்தில்தான் மரத்தில் இருக்கின்றன. பண்டிகையின் பட்டியலைப் பருவம்தான் எழுதியிருக்கிறது. 2008இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேப்பமரம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எது சரியான புத்தாண்டு என்பதையும் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். பெரியவர்கள் இறுதியில் பேசட்டும்.

எனவே இந்தச் சித்திரைக்குப் பிள்ளையிடம் ஒரு வேலையை முழுமையாக ஒப்படையுங்கள். பட்டியல் போடுவதும், கடைக்குப் போவதும், கெடுத்துவிட்டால் சரிசெய்வதும் அவர்களுடையதாகட்டும். பின்னால் நின்று திருத்திக்கொண்டே இருந்தால் அது ஒப்படைத்ததாகாது. இதில் நாங்களும் அடிக்கடி தவறுகிறோம். பாதி மனத்தோடு செய்தாலும் செய்ய விடுங்கள். ஒரு வழக்கத்தை அவர்கள் மாற்ற விரும்பினால், மூன்றில் ஒன்றையாவது விட்டுக்கொடுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது கல்லூரி மாணவி. சென்ற வாரம் மருந்துச் சீட்டுக்காக வந்தவளிடம் வருஷப் பிறப்புக்கு வீட்டில் இருப்பாயா என்று கேட்டோம். இருப்பாளாம். பூப் பொறுக்கும் வேலையை இந்த ஆண்டு தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். தராசை மட்டும் இன்னும் தரவில்லை என்றாள்.