கான்ஸோ மடக்குக் கத்தியைக் கடையில் வைக்கலாமா?

நம் இரும்புக் கடைகளில் மடக்குக் கத்தி பெரிய வியாபாரம் அல்ல. பூட்டு, தாழ்ப்பாள், கொண்டி, ஆணி என்று ஓடுகிற கடையில், கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கத்திகள் கிடக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவோம், கேட்காவிட்டால் தூசி தட்டி வைப்போம். அப்படிப்பட்ட சில்லறைச் சரக்கைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். சரக்கு சின்னதுதான். அதை ஒட்டி எழுந்திருக்கும் கேள்வி சின்னதல்ல.

கான்ஸோ என்ற சீனத்து மடக்குக் கத்தி இப்போது நம் ஊர்களிலும் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் விவரம் தெரிந்த இளைஞர்கள். மலையேறப் போகிறவர்கள், எலெக்ட்ரீஷியன்கள், குடோனில் பண்டல் பிரிக்கிறவர்கள். "அமெரிக்கக் கத்தி நூறு டாலருக்கு மேல், இது இருபது முப்பது டாலர்தான், வேலை அதே வேலை" என்கிறார்கள். அதே வாயால், "ஆனால் இது காப்பியடித்த கம்பெனி" என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த இரண்டாவது பேச்சைக் கேட்ட கடைக்காரருக்குத் தயக்கம் வருவது இயற்கை. வாங்கி வைக்கலாமா, கூடாதா?

முதலில் கத்தியைப் பார்ப்போம். வழக்கைப் பிறகு பார்ப்போம்.

கான்ஸோவின் பேர் பெற்ற மாடல்களில் அலகு 440சி என்ற துருப்பிடிக்காத எஃகு. இதில் கரி ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 16 முதல் 18 சதவீதம். பழைய எஃகுதான், ஆனால் நல்ல எஃகு. கடலோர ஊர்களின் உப்புக் காற்றைத் தாங்கும், எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்க மறந்தாலும் உடனே கறை ஏறாது, சாதாரணச் சாணைக் கல்லிலேயே கூர் பிடிக்கும். பின்னால் வந்த சில மாடல்களில் டி2 எஃகு வருகிறது. அது கூரை நீண்ட நாள் வைத்திருக்கும். ஆனால் அதில் குரோமியம் குறைவு, ஈரத்தில் விட்டால் துருப் புள்ளி விழும், கூர் தீட்டவும் பொறுமை வேண்டும். நம் ஊர் வாடிக்கையாளருக்கு 440சிதான் பொருத்தம் என்பது நம் கருத்து. டி2 கேட்டு வருகிறவருக்கு அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அலகில் எஃகின் பெயரைப் பொறித்திருப்பதாலேயே தரம் வந்துவிடாது. எந்த எஃகும் சரியான சூட்டில் காய்ச்சி, குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் கொடுத்தால்தான் கத்தியாகும். பதம் தவறினால் உயர்ந்த எஃகும் தகரம்தான். நம் பட்டறை ஆசாரிகளைக் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆகவே பெட்டியில் அச்சடித்த ராக்வெல் எண்ணைப் படித்துக் காட்டி விற்க வேண்டாம். அட்டைப் பெட்டி நாலு, நைலான் கயிறு ஒரு முழம் அறுத்துக் காட்டி விற்கலாம்.

பிடி ஜி-10. கண்ணாடி நாரையும் எபாக்சிப் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. வியர்வைக் கைக்கு வழுக்காது, வெயிலில் கோணாது. இந்த விலைக்கு இது கிடைப்பது உண்மையிலேயே லாபம்தான்.

இனி பூட்டு. சச்சரவு முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அலகு விரிந்ததும் அதன் அடிப்பாகத்துக்கு மேல் குறுக்காக ஒரு சிறிய எஃகுக் கம்பி வந்து உட்காருகிறது. பிடிக்குள் இரு பக்கமும் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகள் அதை முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்கின்றன. மூடும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் போதும், அலகு தளர்ந்து மடங்கும். அலகு வரும் வழியில் விரலை வைக்க வேண்டியதில்லை. இடக்கைக்காரருக்கும் இதே வசதி. நாள்பட்டுத் தேய்ந்தாலும் கம்பி இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். இதன் பலவீனம் ஒன்றே ஒன்று. அந்த மெல்லிய ஸ்பிரிங் வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து ஒருநாள் ஒடியலாம். இரண்டில் ஒன்று ஒடிந்தாலும் மற்றது தாங்கும், ஆனால் கவனிக்காமல் விடக்கூடாது.

இவ்வளவு நல்ல அமைப்பைக் கண்டுபிடித்தவர் கான்ஸோ அல்ல. அமெரிக்காவில் மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இரு கத்தி வடிவமைப்பாளர்கள் செய்தது. ஆரிகன் மாநிலத்துப் பெஞ்ச்மேட் கம்பெனி 1998ல் தன் 710 மாடலில் இதைக் கொண்டுவந்து, 'ஆக்ஸிஸ் லாக்' என்று பெயர் சூட்டியது. அந்தக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1996ல், காலம் முடிந்தது 2016ல். முடிந்த பிறகு அமெரிக்காவிலேயே வேறு பல கம்பெனிகள் இதே பூட்டை வேறு பெயரில் போட்டு விற்கின்றன, யாரும் அவர்களைத் திருடர் என்று சொல்வதில்லை. ஆனால் கான்ஸோ முடியும்வரை காத்திருக்கவில்லை. உரிமை நடப்பிலிருந்த காலத்திலேயே இந்தப் பூட்டோடு கத்தி விற்றது. அத்துடன் நிற்காமல், தொடக்க கால மாடல்கள் சிலவற்றில் பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ கத்திகளின் மேனியையே எடுத்துக்கொண்டது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று கடைக்காரருக்கே தடுமாற்றம் வரும். கத்தி சேகரிப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம்.

இதில் மூன்று சங்கதிகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வியாபாரி இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் பெயரை இன்னொருவன் பொறித்துக்கொள்வது போலி. கான்ஸோ தன் பெயரையே பொறிக்கிறது, ஆகவே அது போலிச் சரக்கு அல்ல. இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். காலம் முடிந்த காப்புரிமையைப் பயன்படுத்துவது யாருக்கும் உரிமை. உரிமைக்கு இருபது வருஷம் என்று எல்லை வைத்ததே பிறகு எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்பதற்குத்தான். மேலும் ஒரு நாட்டில் கொடுத்த காப்புரிமை அந்த நாட்டோடு சரி. மூன்றாவதுதான் சங்கடமானது. இன்னொருவன் யோசித்து யோசித்து வரைந்த உருவத்தை அப்படியே அச்செடுப்பது. இந்தியாவில் அந்த உருவத்தைப் பதிவு செய்யாவிட்டால் நம் வடிவமைப்புச் சட்டம் 2000 குறுக்கே வராமல் போகலாம். சட்டம் குறுக்கே வராத எல்லாமே நல்ல வியாபாரம் என்று நாம் நினைக்கவில்லை.

ஸ்பைடர்கோவின் அலகில் ஒரு வட்டத் துளை இருக்கும், கட்டைவிரலால் திறப்பதற்கு. அதன் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் அந்த வட்டத் துளையையே அந்தக் கம்பெனி தன் வணிகச் சின்னமாகவும் அமெரிக்காவில் பதிந்து வைத்திருக்கிறது. காப்புரிமை முடியும், சின்னம் புதுப்பிக்கப் புதுப்பிக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் "பேட்டண்ட் எல்லாம் போயாச்சு சார்" என்று சொல்லும் மொத்த வியாபாரியின் ஆளை நம்பிச் சரக்கெடுப்பது ஆபத்து.

கத்தி வியாபாரத்தில் இந்தச் சண்டை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக் கத்திச் சந்தை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் கையில் இருந்தது. அங்கே கத்திக்காரர்களுக்கு 1624ல் சட்டம் போட்டே ஒரு சங்கம் அமைத்தார்கள், முத்திரைகளைக் காப்பதே அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் 1682ல் பதிவான முத்திரை. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தார் மலிவுக் கத்திகளைச் செய்து, அவற்றில் 'ஷெஃபீல்டு' என்றே பொறித்து விற்றார்கள். இன்று கான்ஸோவைச் சொல்வதைவிடப் பத்து மடங்கு கடுமையாக அன்று ஸோலிங்கனைத் திட்டினார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் போராடியதன் பலனாக 1887ல் பிரிட்டனில் வணிகச் சரக்குக் குறிகள் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போடும் வழக்கம் அதிலிருந்துதான் பரவியது. அதைப் பின்பற்றி 1889ல் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் வந்தது. நாம் இன்று கைக்கொள்ளும் 1999 வணிகச் சின்னங்கள் சட்டத்துக்கு அதுவும் ஒரு பாட்டன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மட்டச் சரக்கு என்று அடையாளம் காட்டுவதற்காகப் போடச் சொன்ன 'மேட் இன் ஜெர்மனி', சில பத்தாண்டுகளில் உயர்ந்த சரக்கின் அடையாளமாகிவிட்டது. 1938ல் ஸோலிங்கன் நகரம் தன் பெயரை மற்றவர்கள் பொறிக்காமல் காக்கத் தனக்கே ஒரு சட்டம் வாங்கிக்கொண்டது. அன்று திட்டு வாங்கியவனும் இன்று திட்டு வாங்குகிறவனும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமா? நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். ஆனால் கான்ஸோவும் பிற்காலத்தில் ஃபயர்பேர்டு என்ற பெயரில் சொந்த வடிவங்களைக் கொண்டுவந்திருக்கிறது என்பது உண்மை. காப்பியில் தொடங்கியவன் காப்பியிலேயே கிடக்க வேண்டும் என்று நாம் சபிக்க வேண்டியதில்லை.

நமக்கும் இதில் வலி உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். கைவேலைப் பூட்டின் பெயரை வேறெங்கோ எந்திரத்தில் அடித்த பூட்டு எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பூட்டுக்கு அந்த நியாயம் பேசிவிட்டு, கத்திக்கு மட்டும் "மலிவாகக் கிடைக்கிறதே" என்று பேசினால் வாடிக்கையாளர் சிரிப்பார்.

ஆகவே நம் கருத்து இதுதான். கான்ஸோவின் சொந்த வடிவக் கத்திகளைத் தாராளமாக வைக்கலாம், விலைக்கு மேல் உழைக்கும் சரக்கு அவை. பிறர் கத்தியின் மேனியைக் கொண்ட மாடல்களை, எவ்வளவு சலுகை கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். "ஏழை எலெக்ட்ரீஷியனுக்கு எது கட்டுபடியாகும் என்று பாருங்கள், அமெரிக்கக் கம்பெனியின் மானத்தை நாம் ஏன் காக்க வேண்டும்" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அந்த எலெக்ட்ரீஷியனுக்குச் சொந்த வடிவக் கத்தியும் அதே எஃகில், அதே பூட்டோடு, ஏறக்குறைய அதே விலையில் கிடைக்கிறது. காப்பி மாடலைக் கேட்டு வருகிறவர் அவர் அல்ல, விலை உயர்ந்த கத்தி போலத் தோன்ற வேண்டும் என்கிறவர். விற்பனைப் பையன் "அந்த ஃபாரின் சரக்கேதான் சார், பெயர்தான் வேறு" என்று சொல்லத் தொடங்குவதும் அந்த மாடலை வைத்துத்தான். அந்த ஒரு வாக்கியத்தோடு கடைக்காரரின் முப்பது வருஷப் பெயர் போய்விடும்.

எடுக்கிறவர்கள் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மலிவாக, ஆயிரக்கணக்கில் அடிக்கும் எந்தச் சரக்கிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். மடக்கிய நிலையில் அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கமாக உரசுகிறதா? விரித்து அலகின் முதுகைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா? பூட்டுக் கம்பி இரு பக்கமும் ஒரே விசையுடன் திரும்பி வருகிறதா? ஒரு பக்கம் மட்டும் சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் சரியில்லை, அந்தக் கத்தியைத் தனியே வைத்துத் திருப்பி அனுப்புங்கள். அச்சுத் திருகு இறுக்கமானால் திறக்காது, தளர்ந்தால் ஆடும். விற்கும்போது அதைச் சரிசெய்து கொடுக்கச் சின்ன ஸ்டார் சாவி ஒன்று கல்லாவில் இருக்கட்டும்.

ஆயுதச் சட்டத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பட்டனை அமுக்கினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தி வேறு ஜாதி. அதற்கு டெல்லியில் 1980லிருந்தே தனி அறிவிப்பு இருக்கிறது. எந்தக் கம்பெனியானாலும் அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம். பள்ளிச் சீருடையில் வருகிறவனுக்கு எந்தக் கத்தியும் கொடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இறக்குமதிச் சரக்கானதால் பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, வரி உட்பட அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து "பில் இல்லாமல் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு டஜன்கூட எடுக்காதீர்கள். வணிகச் சின்னச் சட்டத்தின் 104ஆம் பிரிவில், போலிச் சின்னம் இட்ட சரக்கை விற்பவருக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். எல்லா எச்சரிக்கையும் எடுத்துக்கொண்டேன், யாரிடம் வாங்கினேன் என்பதையும் இதோ காட்டுகிறேன் என்று நிரூபிக்கும் கடைக்காரருக்கு அதே பிரிவு வழிவிடுகிறது. நாளைக்கு ஒரு பெட்டியில் அசல் கான்ஸோவுக்கு நடுவே பெஞ்ச்மேட் பெயர் பொறித்த போலி நாலு கலந்து வந்துவிட்டால், கையில் இருக்க வேண்டியது கொள்முதல் பில்தான்.