நேரிற் செல்லும் வழக்கம்

கொள்ளைநோய் வருதலும் போதலும் உலகில் எக்காலத்தும் உள்ளனவே. ஆயின், நோய் போன பின்னரும் அதனோடு புகுந்த பழக்கங்கள் போகாது தங்கிவிடுதல் ஆராய்தற்குரியதாகும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட்-19 நோய்க்கு அஞ்சி நம் நாட்டுப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அம்மாதம் 20 ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டி எழுந்த பரவலால் இக்கரையோரம் முழுவதும் கலங்கிற்று. நோய் தணிவதற்குள் இலங்கையில் மட்டும் 16,000 பேருக்கு மேல் மாண்டனர். 2023 மே 5 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை நீங்கியதென அறிவித்தது. இன்று கல்முனைச் சந்தையில் நிற்பார்க்கு எல்லாம் பழையபடி ஆயிற்றென்றே தோன்றும். முகக்கவசம் அணிந்தாரைக் காண்டல் அரிது. ஓரடி விலகி நிற்பாரோ ஒருவருமில்லை. அத்தோற்றத்தை நம்பலாகாது என்பது எமது துணிபு.

போனவை எவை, நின்றவை எவை என்று சிறிது நோக்குவோம். கை கழுவும் பழக்கம் போயிற்று. நோய்க்காலத்திலே பாடசாலை வாயிலிலும் கடை வாசலிலும் கோயில் முன்றலிலும் குழாயும் வாளியும் சவர்க்காரமும் இருந்தன. அவற்றுட் பல இன்று நீரின்றிக் கிடக்கின்றன. வாயிலில் வேப்பிலை செருகி மஞ்சள் நீர் தெளித்தல் அம்மை நோய்க்கு நம் முன்னோர் கண்ட முறை. அதுவும் சில மாதம் மீண்டு வந்து மறைந்தது. (இறக்குமதி தடைப்பட்டு, ஒரு கிலோ மஞ்சள் சில ஆயிரம் ரூபாவுக்கு விற்ற ஆண்டும் அதுவே என்பதை நம் இல்லத்தரசியர் மறந்திரார்.) அச்சத்தாற் கொண்டவை அச்சத்தோடு அகன்றன. சோம்பலுக்கு உடன்பாடானவையோ நிலைத்துவிட்டன. அவற்றுள் முதன்மையானது, ஒருவரை ஒருவர் நேரிற் சென்று காணாமை.

தாய்வழிக் குடிமுறை வழங்கும் பகுதி நம்முடையது. கோயிற் கடமை முதற் கலியாணம் வரை எதுவும் குடியையும் உறவையும் முன்வைத்தே நிகழ்வது. கலியாணத்துக்கு அழைப்போர் வெற்றிலை வட்டாவோடு வீடுவீடாகச் சென்று, முறை சொல்லி அழைத்தல் இங்கு மரபு. அழையாமல் விடப்பட்ட வீட்டார் ஆண்டுக்கணக்கிற் பேசாதிருந்ததும் உண்டு. அது மிகையே எனினும், அழைப்புக்கு இருந்த மதிப்பு அத்தகையது. ஊரடங்கு நாட்களில் அழைப்புக் கைத்தொலைபேசியிற் சென்றது. வேறு வழியில்லாமையால் எவரும் குறைகூறவில்லை. இப்பொழுது வழியெல்லாம் திறந்திருக்கின்றது. அழைப்பு இன்னும் கைத்தொலைபேசியிலேதான் வருகின்றது. கலியாணத்துக்கு இது போதும் என்பாரோடு நாம் வாதிட விரும்பவில்லை. மரண வீட்டுக்கு இது போதாது. வட்ஸ்அப் குழுவிலே ஒருவர் மரணச் செய்தியை இட, ஐம்பது பேர் கைகூப்பிய சிறு படம் ஒன்றை இட்டுவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். துக்கம் விசாரித்தல் முடிந்துவிட்டதாம்!

வீரமுனைக்கு இது சிறிய விடயமன்று. வயல் சூழ்ந்த இச்சிற்றூர் சம்மாந்துறையின் அயலிலே உள்ளது. 1990 இல் நேர்ந்த கொடுமைகளின் பின்னர், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவும் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் அத்தயக்கம் சிறிது சிறிதாகக் குறைந்ததாயின், அதனைக் குறைத்தவை மேடைப் பேச்சுக்கள் அல்ல. நெல் வியாபாரமும், ஆசிரியத் தொழிலும், மரண வீட்டுக்குச் சென்று சற்று நேரம் அமர்ந்திருந்தமையுமே என்போம். நோய்க்காலம் அவ்வழக்கத்தையும் அறுத்தது. 2020 ஏப்ரல் முதல், இந்நோயால் இறந்தார் எச்சமயத்தவராயினும் எரிக்கப்படல் வேண்டும் என அரசு கட்டாயப்படுத்திற்று. முஸ்லிம் மக்கள் பட்ட துயரம் உலகறிந்தது. இப்பகுதி இந்துக்களிலும் பலர் தம் இறந்தாரை மண்ணிலே அடக்கம் செய்யும் வழக்கினர் என்பதைக் கொழும்பில் இருந்தோர் அறிந்திலர் போலும். 2021 பெப்ரவரியிலே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சு முதல் ஓட்டமாவடியில் அடக்கினர். கட்டாயப்படுத்தியமைக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். அந்நாட்களில் அயலவர் துயரத்துக்கு நம்மவர் செல்ல இயலாமற் போனமைக்குச் சட்டம் காரணம். இன்று செல்லாமைக்குச் சட்டத்தைக் காரணமாகக் கூற எவராலும் இயலாது.

இனிக் கல்விக்கு வருவோம். ஓகஸ்ட் மாதம் என்றால் உயர்தரப் பரீட்சை, டிசம்பர் என்றால் சாதாரணதரம் என்று வீட்டு வேலைகளையும் அவற்றைச் சுற்றியே வகுத்துக்கொண்ட காலம் போயிற்று. 2020 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை ஒக்டோபரில் நடந்தது. 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 தொடக்கத்திலும் நடந்தன. பொருளாதார நெருக்கடியும் இத்தாமதத்தை வளர்த்தது. இவ்வாறு காத்திருந்த மாதங்களிலே படிப்பை விட்டுக் கடல்கடந்த இளைஞர் பலர்.

இணையவழி வகுப்பை நாம் இகழவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள ஆசிரியர் ஒருவரின் பாடத்தை வீரமுனைப் பிள்ளை வீட்டிலிருந்தே கேட்கின்றது. முன்னர் அதற்குப் பேருந்துச் செலவும் இரவுப் பயணமும் வேண்டியிருந்தன. ஆயினும், வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும், பிள்ளைகள் மூவர் என்ற நிலையும் இங்கு உண்டு. நோய்க்காலத்தில் அப்பிள்ளைகள் தவறவிட்ட பாடத்தை எவரும் திருப்பிக் கற்பித்ததில்லை. இன்றும் பாடக் குறிப்பும் அறிவித்தலும் தொலைபேசிக் குழுவிலேயே வருகின்றன. அதைக் காணாத பிள்ளை மறுநாள் வகுப்பிலே தலைகுனிந்து நிற்கின்றது. சில நாளில் வரவும் குறைகின்றது.

முற்காலத்திலே மாணவன் ஒருவன் மூன்று நாள் வாராவிடின் ஆசிரியர் துவிச்சக்கரவண்டியில் அவன் வீட்டு வளவுக்கே வந்து நிற்பார். தாய் நாற்காலி தேடி ஓடுவாள். பையன் வேலிக்குப் பின் ஒளிவான். காய்ச்சலா, வேளாண்மை வெட்டா, வீட்டில் உலை ஏறவில்லையா என்பது ஐந்து நிமிடத்திலே தெரிந்துவிடும். தொலைபேசிச் செய்திக்கு அது தெரியாது.

தூரதேசத்துப் பழைய மாணவர் சூம் வழியாகக் கூட்டத்திற் கலந்துகொள்ளல் நோய்க்காலம் தந்த நன்மை. வர இயலாதார்க்கு அது வேண்டும், தொடர்க. உள்ளூரில் இருப்போர் கூட்டத்தையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்ப்பது நமக்கு உடன்பாடன்று. இவ்விழாவை ஒட்டிச் சங்கத்தார் நிதி திரட்டுவர், கட்டடமும் எழுப்புவர். அவற்றோடு இன்னொன்றும் வேண்டுகின்றோம். ஊரில் வாழும் பழைய மாணவர் பத்துப் பேர் அதிபரிடம் மாதந்தோறும் வரவுப் பதிவைக் கேட்டுப் பெறுக. தொடர்ந்து வாராத பிள்ளைகளின் வீடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், மாலை வேளையில் நேரிற் சென்று விசாரிக்க. செல்லுமுன் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டியதில்லை.