தண்ணீர்மலையும் நாமும்

பினாங்கில் தாவரவியல் பூங்காவை ஒட்டிய வட்டாரத்துக்கு நம்மவர் வழங்கும் பெயர் தண்ணீர்மலை. அருவியை வைத்து வந்த பெயர். ஆனால் அப்பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது தைப்பூசமும், பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளும்தாம். படியிறங்கி, தண்ணீர்ப் பந்தல்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறோம். சற்றுத் தள்ளி ஓடும் ஆற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் அந்தக் கோயில் முதலில் அருவிப் பக்கம்தான் இருந்தது. பிரிட்டிஷார் காலத்தில் நீர்த்தேக்கத்தின் பொருட்டு இடம் மாறியது. 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அங்கே பூங்காவை உருவாக்கினார். அதனூடே ஓடும் ஆறு பினாங்கு ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. 2021-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் 12,481 ஹெக்டரில் இப்பூங்காவும் அடக்கம்.

குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் எனத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். மண்டபத்துக்குள் அமர்ந்து இயற்கைக் கவிதைப் போட்டி நடத்துகிறோம். மிண்டன் வளாகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத்தில் எட்டிவிடும் காட்டை மட்டும் பார்ப்பதில்லை! அங்கே நாகலிங்க மரம் நிற்கிறது. பூவுக்குள் சிவலிங்கம் கண்டு நம்முடையதாக்கிக்கொண்ட அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. இதையெல்லாம் மரத்தடியில் நின்று பேசினால் எவ்வளவு சுவையாக இருக்கும்!

போகிறவர்களும் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுவதைப் புண்ணியமென்று நினைக்கிறார்கள். அது தடைசெய்யப்பட்ட செயல். கைத்தீனிக்குப் பழகிய குரங்கு அடுத்து வருபவரின் பையைப் பறிக்கும். பழி குரங்கின் மேல் விழும். அந்த நீள்வால் குரங்கினமோ 2022 முதல் உலக அளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் உள்ளது.

பந்தல் விஷயமும் உண்டு. தாகம் தீர்ப்பது நல்ல தொண்டு. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மோர் குடித்து வீசிய பிளாஸ்டிக் குவளை அடுத்த மழையில் கால்வாய் வழியே ஆற்றுக்குத்தான் போகும். சமயத்தில் தலையிடாதே என்று சிலர் சினக்கலாம். செம்பிலும் டம்ளரிலும் மோர் கொடுத்த நம் பாட்டிமார் பக்தியில் குறைந்தவர்களா?

நம் கழகம் இரண்டு காரியம் செய்யலாம். புதிய மாணவர் அறிமுக நிகழ்வில் ஒரு காலைப்பொழுதை ஆற்றங்கரைக்கு ஒதுக்கலாம். நடக்க வல்லவர்கள் மூன்கேட் வழியாக மலையேறட்டும். தைப்பூசத்தில், கழுவிப் பயன்படுத்தும் டம்ளர்களோடு சிறு பந்தல் ஒன்று போடலாம். கழுவ ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.