மதுரைக்கு ஜோடியா போறீங்களா? ஒரு ராத்திரி தங்குங்க

சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்துக்காரர்களுக்கு வார இறுதி என்றாலே ஏற்காடுதான். 2013-ல் திறந்த கரூர் பாதையில் நாமக்கல், திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் இருப்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

போகிறவர்களும் கோயில், மஹால், கொடைக்கானல் என்று ஒரே பயணத்தில் திணிக்கிறார்கள். தப்பு. மீனாட்சி கோயில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், அதுவரை தூங்கலாம். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை (ஜோடிக்கு அதுவும் நல்லதுதான்).

தூங்கா நகரத்தின் சாப்பாடு இருட்டிய பிறகுதான் களைகட்டும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, சிம்மக்கல்லில் கறி தோசை. கனமான தோசை, ஒன்று வாங்கி ரெண்டு பேரும் பிய்த்துக்கொள்ளலாம். ரூம் புக் பண்ணும்போது காலை பஃபேயை மட்டும் சேர்க்காதீர்கள். தெருமுனையில் இட்லியும் நாலு சட்னியும் கிடைக்கும் ஊரில் அதுக்கு எதுக்குக் காசு?