ரோந்துப் படகு தானமும் அல்ல, பெருமையும் அல்ல



இரண்டு நாளாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "நம் வரிப்பணத்தில் படகு கட்டி வெளிநாட்டுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம் மீனவனைக் காப்பாற்ற நாதியில்லை" என்று. கீழேயே இன்னொரு கூட்டம், "உலகத்துக்கே படகு கொடுக்கும் வல்லரசு நாம்" என்று மார்தட்டுகிறது. இரண்டு பேருமே பாடத்தைப் படிக்காமல் விடை எழுதியிருக்கிறார்கள். சிவப்பு மை பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் "இலவசம்" என்பவர்களுக்கு. வியட்நாமுக்குப் போன 12 அதிவேக ரோந்துப் படகுகளை எடுத்துக்கொள்வோம். அது தானம் அல்ல. 10 கோடி அமெரிக்க டாலர் கடன் திட்டம். அதில் 5 படகுகள் கட்டப்பட்டது எங்கே தெரியுமா? நம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில். மீதி 7 படகுகளை இங்குள்ள வடிவமைப்பை வைத்து வியட்நாமின் ஹாங் ஹா தளத்தில் அவர்களே கட்டினார்கள். 2022 ஜூனில் ராஜ்நாத் சிங் அங்கே போய் ஒப்படைத்தார். கடன் வியட்நாமுக்கு, வேலை நம் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும். இதை "வாரிக் கொடுத்தார்கள்" என்று எழுதினால் கணக்கில் பூஜ்யம்தான் போட முடியும்.

இனி மார்தட்டுகிறவர்களுக்கு. மாலத்தீவுக்கு 2006-ல் ஒரு ரோந்துக் கப்பல் கொடுத்தோம். அதற்குப் பதிலாக 2023 மே மாதம் இன்னொன்று கொடுத்தோம். அதே ஆண்டு நவம்பரில், இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்தவர் அங்கே அதிபராகப் பதவியேற்றார். படகு கொடுத்தால் நன்றி வந்துவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

உண்மையான கேள்வி வேறு. ரிப்பன் வெட்டியபின் அந்தப் படகுக்கு என்ன ஆகிறது?

இதில் நமக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஆஸ்திரேலியா. கடற்கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள வளம் அந்தந்த நாட்டுக்கே என்று 1982-ல் கடல் சட்ட உடன்படிக்கை வந்தது. பசிபிக் தீவுகளுக்கு ஒரே நாளில் கடல் சொத்து குவிந்தது. காவல் காக்க ஆள் இல்லை. கிரிபாட்டி என்ற நாட்டின் நிலம் வெறும் 811 சதுர கிலோமீட்டர். அதன் கடல் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவின் மொத்த நிலப்பரப்பை விடப் பெரியது! அந்த அரசின் வருமானத்தில் பெரும்பகுதி, சூரை மீன் பிடிக்க அயல்நாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். திருட்டுக் கப்பல் நுழைந்தால் அது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணத்தைத் திருடுவதாகும். அவ்வளவு கடலுக்கும் அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு ரோந்துப் படகு. அதுவும் ஆஸ்திரேலியா கொடுத்தது.

1987 முதல் 1997 வரை 12 நாடுகளுக்கு 22 படகுகள் கொடுத்தார்கள். அவை வயதானதும், 2018 முதல் 39.5 மீட்டர் நீளமுள்ள புதிய படகுகள். ஆனால் நடந்தது என்ன? 2021-ல் சமோவாவின் புதுப் படகு பவளப்பாறையில் ஏறியது. பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். 2022-ல் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகத்தில் விரிசல், புகைக்குழாயில் நச்சுவாயு கசியும் ஆபத்து என்று கொடுத்தவர்களே எச்சரித்தார்கள். 2024-ல் ஃபிஜியின் படகு முதல் ரோந்திலேயே தரைதட்டியது.

"பார்த்தீர்களா, வீண்!" என்று குதிக்காதீர்கள். அவர்கள் அத்தோடு கைகழுவவில்லை என்பதுதான் பாடம். பயிற்சி, பழுதுபார்ப்பு, வானிலிருந்து கண்காணிப்பு எல்லாம் சேர்த்து 30 ஆண்டுகளுக்கு 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். மாடு வாங்கிக் கொடுத்தால் போதாது, வைக்கோலுக்கும் வைத்தியருக்கும் வழி சொல்ல வேண்டும்.

அதே ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2013 நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டின்போது, இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை அறிவித்தது. எதற்கு? ஆள்கடத்தலைத் தடுக்க என்றார்கள். அந்தப் படகுகள் வழிமறிக்க வேண்டியவர்கள் யார்? அடைக்கலம் தேடிக் கடலில் இறங்கியவர்கள். அவர்களில் பலர் நம் ஈழத் தமிழர். போர்க்குற்ற விசாரணை வேண்டும் என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொடுத்த பரிசு அது. மீன் திருடனைப் பிடிக்கவும் படகுதான், உயிருக்கு ஓடுகிறவனைத் திருப்பி அனுப்பவும் படகுதான். இரும்புக்குத் தெரியாது, கொடுப்பவனுக்குத் தெரியும்.

ஆகவே நாம் நம் அரசிடம் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். இந்தப் படகு யாரைத் தடுக்கப் போகிறது? பத்தாவது வருஷம் இதன் உதிரிபாகத்துக்கும் எரிபொருளுக்கும் யார் பொறுப்பு? ஓட்டப்போகிறவனுக்குப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? ஒப்படைக்கும் அன்றே இந்த மூன்றுக்கும் பதிலை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

மீனவர் விஷயம். வலி உண்மை. ஆனால் அதற்கும் வியட்நாம் படகுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பாக் நீரிணைச் சிக்கல் 1974, 1976 ஒப்பந்தங்களிலும், அடிமடியை வாரும் இழுவைமடியிலும் இருக்கிறது. அந்த மடியில் வலை அறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். இதைப் பேச தைரியம் இல்லாதவர்கள்தான் காட்டுப்பள்ளிப் படகைத் திட்டுகிறார்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். வெறும் ஃபார்வர்டு ஒட்டினால் நீக்கிவிடுவேன்.