படிவத்தில் விடுபடும் ஒரு வரி

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவரிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முதுகைக் காட்ட மாட்டார். அடிவயிற்றை, பெரும்பாலும் வலது பக்கத்தை, தொட்டுக் காட்டுவார். பழுதானவற்றைப் பொதுவாக அப்படியே விட்டுவிட்டு, புதியதை அங்கேதான் வைத்துத் தைக்கிறார்கள். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) இருப்பதும் அதே மூலையில்தான். அங்கே வலி வந்தால், புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்க மறுக்கிறதா, சிறுநீர்த் தொற்றா, அப்பெண்டிக்ஸா என்று கைதேர்ந்த டாக்டரும் குழம்புவார். உடம்பு உறுப்பை மறுக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலையும் வயிற்றின் இறுக்கத்தையும் அமுக்கிவிடும். அதே காரணத்துக்காகத் தரும் மைகோபீனோலேட் வெள்ளணுக்களைக் குறைக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

நான் பேத்தாலஜி மருத்துவர். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. ஃபார்மலின் டப்பாவில் வரும் அவர் உடம்பின் துண்டுதான் தெரியும். குடல்வால் வராத நாள் குறைவு. நுனியை நீளவாக்கில் வெட்டி, மீதியைக் குறுக்காக நறுக்கி, ஸ்லைடாக்கிச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். பெரும்பாலும் தெரிந்த கதைதான்: சுவர் முழுக்கச் சீழணுக்கள், சிலவற்றில் உள்ளே ஒரு மலக்கட்டி. ‘அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்போம்.

உறுப்பு மாற்றியவர்களுக்கும் வருவது பெரும்பாலும் இந்தச் சாதாரண அழற்சிதான். அரிதாகச் சிலருக்கு அதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும். குழந்தைகளிடம் அடினோ வைரஸையும் நினைக்க வேண்டும். ஆனால் முதல் சந்தேகம் சைட்டோமெகலோ வைரஸ் மீதுதான். சின்னம்மையையும் அக்கியையும் தரும் வைரஸின் பங்காளி அது. நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, பிறகு உடம்பிலேயே சத்தமில்லாமல் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியதும் எழுந்துகொள்ளும். மாற்று சிகிச்சைக்குப் பின் பல மையங்களில் 3 முதல் 6 மாதம் வரை வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தருவது இதற்காகத்தான். அதை நிறுத்திய பின் வரும் மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

ஸ்லைடில் இந்த வைரஸ் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரு செல் மட்டும் அக்கம்பக்கத்தை விடப் பருத்து நிற்கும். அதன் உட்கருவில் கருஞ்சிவப்பாய் ஓர் உருண்டை, சுற்றி வெளுத்த வளையம். ஆந்தைக் கண் என்று பாடப்புத்தகம் சொல்லும். முழு ஸ்லைடிலும் ஒன்றிரண்டுதான் இருக்கலாம். தேடினால் கிடைக்கும். ஆனால், தேடவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டப்பாவோடு வரும் படிவத்தில் பெயர், வயது, ‘அப்பெண்டிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல், அவ்வளவுதான். அப்படி வந்த ஒன்றில் ஒரு பருத்த செல் கண்ணில் பட்டு, அறுவை செய்த மருத்துவருக்குப் போன் போட்டேன். “ஆமா மேடம், கிட்னி மாத்துனவரு. எழுதலையா?” என்றார். எழுதவில்லை.

1971இல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று நடந்தபோது அது அரிய செய்தி. 2008க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானம் தமிழகத்தில் வேகமெடுத்தது. இன்று உறுப்பு மாற்றியவர்கள் சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். நடுராத்திரி வயிறு வலித்தால் பக்கத்து நர்சிங் ஹோமுக்குத்தான் போவார்கள், சென்னைக்கு அல்ல. செலவு மிச்சம் என்று எடுத்த குடல்வாலை ஆய்வுக்கே அனுப்பாத இடங்களும் உண்டு. மற்றவர்கள் விஷயத்தில் வாதாடலாம்; இவர்கள் விஷயத்தில் அதற்கு இடமே இல்லை. வைரஸை உறுதிசெய்யும் இம்யூனோ சாயம் விலை கூடியதுதான். எல்லோருக்கும் வேண்டாம், இவர்களுக்குச் சந்தேகம் வந்தால் செய்யுங்கள் என்கிறேன். குடலில் வைரஸ் இருக்கும்போதே ரத்தத்தின் பி.சி.ஆர். ‘இல்லை’ என்று வருவதும் உண்டு.

குடல்வாலை எடுத்ததோடு வைரஸ் போய்விடாது. பெருங்குடலில் இருக்கலாம், நுரையீரலுக்குப் போகலாம். கான்சிக்ளோவிர் தொடங்குவதா, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பதா என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரிப்போர்ட்டோ நோயாளி வீடு திரும்பிய பிறகு வந்து, அறுவை மருத்துவரின் ஃபைலில் தூங்குகிறது.

எனவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உள்ளே நுழைந்ததுமே உறுப்பு மாற்றியவர் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து, மாற்று செய்த மருத்துவமனையின் கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.