லிட்டருக்கு ஒரு வரி

தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். அரசாங்கம் புது வரி எதுவும் போடவில்லை. நான் சொல்வது கணக்குப் புத்தகத்தில் எழுதும் வரி.

என் காலை நிகழ்ச்சியை லோரி ஓட்டிக்கொண்டே கேட்கும் நேயர்கள் பலர். அவர்களுக்கு 2024 ஜூன் 10 மறக்காது. அன்றுதான் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. தீபகற்பத்தில் தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு மட்டும், அமைச்சிடம் விண்ணப்பித்து பிளீட் கார்டு வாங்கினால் அதே 2.15 கிடைத்தது.

அன்றைய விலையில் வித்தியாசம் 1.20 ரிங்கிட். மாதம் 1,000 லிட்டர் அடிக்கும் லோரிக்கு 1,200 ரிங்கிட். இரண்டு லோரிகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பிள்ளையின் கல்லூரிச் செலவு.

ஆனால், அந்தக் கார்டு ஆளுக்குத் தந்ததல்ல, வண்டிக்குத் தந்தது. “அண்ணே, இன்னிக்கு மட்டும் என் பிக்கப்புக்கும் அடிச்சுக்கிறேன்” என்று மச்சான் கேட்டால் மறுக்க நமக்குக் கூச்சம். சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 1961 விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறுவனம் என்றால் அபராதம் 20 லட்சம் வரை போகும்.

அதிகாரி வந்து கேட்கும்போது “எங்க டிரைவர் நல்லவருங்க” என்ற பதில் போதாது. தேதி, வண்டி எண், மீட்டர் கணக்கு, லிட்டர், ஓட்டுநர், போன இடம் என ஆறு கட்டங்கள் போட்டு, எண்ணெய் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் கார்டு கணக்கோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடிய லோரி திடீரென்று 2 ஓடினால், ஒன்று இன்ஜினில் கோளாறு, இல்லையென்றால் டீசல் வேறெங்கோ போகிறது. இரண்டையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் முதலாளிதான்.

எண்ணெய் நிலைய ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது வருமான வரிச் சட்டம்.

அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல் தட்டும் தம்பி தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அப்பாவின் லோரிக்கும் ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்களேன்.